மச்சினனைத் தடுக்க ஒரு மீன் தொட்டி

கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை புவனேஸ்வரன் தன் மனைவியிடம் "முடியாது" என்று சொல்லி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதனால் இந்த முறை வாயையே திறப்பதில்லை என்று முடிவு செய்தார். அவருக்குப் பதிலாக அறுநூறு கிலோ எடையுள்ள ஒரு பொருள் "முடியாது" என்று சொல்லட்டும். பொருளோடு எந்தப் பெண்பிள்ளையும் வாதாட முடியாது.

விஷயம் இதுதான். லோகேஸ்வரியின் தம்பி சுகுமாரன், சுங்கைப் பட்டாணியிலிருந்து வருகிறான்.

"வீட்டுக்குக் கூரை மாத்துறானாம். பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போயிடுறா. இவன் எங்க போவான், பாவம்? அடுத்த மாசம் இங்க வர்றான். ரெண்டு வாரம்தான்," என்றாள் லோகேஸ்வரி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எங்க படுப்பான்?"

"போன தடவ எங்க படுத்தான்? ஜன்னலோரம்தான்."

போன தடவையும் ரெண்டு வாரம்தான். அந்த ரெண்டு வாரம் ஒரு தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது. அடுத்த தீபாவளியின் முறுக்கு தீர்ந்த பிறகுதான் முடிந்தது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி வீடு அது. இரண்டு அறை, ஒரு ஹால். முதல் அறையில் லோகேஸ்வரியின் அலமாரிகள் குடியிருந்தன. அவற்றுக்கு நடுவே தம்பதி இருவரும் வாடகைக்கு இருப்பதுபோலப் படுத்துக்கொள்வார்கள். இரண்டாவது அறையில் சாமி, தையல் மெஷின், கோலாலம்பூருக்குப் போய்விட்ட மகளின் பெட்டிகள். அங்கே சுகுமாரனைப் படுக்கவைக்க முடியாது. அவன் குறட்டை சாமிக்கு ஆகாது என்று லோகேஸ்வரியே சொல்லியிருக்கிறாள். புவனேஸ்வரனுக்கு ஆகும்.

மிச்சம் இருந்தது ஹாலின் ஜன்னலோரம். அங்கே ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடலும், கடல்மேல் பாலத்தின் ஒரு துண்டும் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்புக்குள் தலையை விட்டு, மின்சில்லுகளில் மயிரிழை விரிசலைத் தேடியவர் புவனேஸ்வரன். ஓய்வு பெற்ற பிறகு தூரத்தில் இருக்கும் பெரிய பொருள் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டார். பாலம் போதும் என்று நினைத்தார். போன தடவை சுகுமாரன் வந்த முதல் நாளே, ஜன்னல் கம்பியில் தன் ஈரக் கைலியைக் காயப்போட்டான். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குப் பாலம் நீலக் கட்டம் போட்டதாக இருந்தது.

மறுநாள் காலையில் புவனேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒரு மீன் தொட்டி செய்யப்போறேன்."

லோகேஸ்வரி தோசையைத் திருப்பினாள். "எவ்வளவு பெருசு?"

"ஆறடி நீளம். ரெண்டடி அகலம். ஒன்றரை அடி உயரம். தண்ணி மட்டும் ஐந்நூறு லிட்டர். கண்ணாடி, கல்லு எல்லாம் சேத்தா அறுநூறு கிலோ."

"எங்க வைப்பீங்க?"

"ஜன்னலோரம். அங்கதான் அடியில பீம் போகுது. வேற எங்க வெச்சாலும் தரை தாங்காது."

இதைச் சொல்லிவிட்டு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது வரும் சத்தத்துக்கு எட்டாவது மாடிக்காரர்கள் வெளியே வருவார்கள் என்று எதிர்பார்த்தார்.

"சரி, செய்ங்க," என்றாள் லோகேஸ்வரி.

அவள் "சரி" என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"உன் தம்பி படுக்கணுமே?" என்றார், தானாகவே.

"அவனுக்கு ஒரு வழி பண்ணிக்கலாம். நீங்க மொதல்ல காலச் செய்ங்க. கால் கெட்டியா இருந்தாத்தானே தொட்டி நிக்கும்?"

நியாயமான பேச்சு. அன்று மாலையே புவனேஸ்வரன், பழைய கடைவீடு ஒன்றை இடித்தபோது வந்த செங்கால் மரத்தைத் தேடிப் பிடித்து வாங்கினார். அந்த மரத்தில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஒவ்வொரு மூட்டையும் உளியால் செதுக்கி, போல்ட் போட்டு முடுக்குவதாகத் திட்டம். ஹால் தரையில் சாக்குக்கட்டியால் அளவு கீறினார்.

லோகேஸ்வரி துடைப்பத்தோடு வந்து கீறலைப் பார்த்தாள். "கால் எவ்வளவு உயரம்?"

"மூணடி. நின்னு பாக்க வசதியா இருக்கும்."

"யாரு நிக்கறது? இந்த முட்டிவலியோட நானா? ஒன்றரை அடி வைங்க. சோபாவுல உக்காந்து பாப்போம். குள்ளமா இருந்தா ஆடவும் ஆடாதுல்ல?"

புவனேஸ்வரன் யோசித்தார். உண்மைதான். உயரம் குறைந்தால் ஆட்டம் குறையும். மனைவிக்கு இவ்வளவு தொழில் அறிவு இருப்பது இத்தனை வருஷம் தெரியாமல் போனதே என்று சற்று வெட்கப்பட்டார்.

"அகலம்?"

"ரெண்டடி. தொட்டி அளவுதான்."

"மூணா வைங்க. முன்னால ஒரு அடி விட்டா பூச்சாடி வைக்கலாம். தண்ணி சிந்தினாலும் தரையில விழாது."

அவர் மனம் துள்ளியது. ஒரு அடி அதிகம் என்றால் சுகுமாரனுக்கு ஒரு அடி குறைவு! முகத்தில் எதையும் காட்டாமல், "நீ சொன்னா சரி," என்றார்.

"நீளத்தையும் மூணு அங்குலம் கூட்டிக்குங்க. ஆறடி மூணு."

"மூணு அங்குலம் எதுக்கு?"

"கண்ணாடி முனை யார் காலையாவது கிழிச்சா? மரம் கொஞ்சம் வெளிய நிக்கட்டும்."

அந்த மூன்று அங்குலத்தையும் அவர் நன்றியோடு வாங்கிக்கொண்டார். தன் தம்பியின் இடத்தை ஒரு அக்காவே அங்குலம் அங்குலமாக வெட்டித் தருகிறாள். கடவுள் இருக்கிறார்.

அதன் பிறகு அவள் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மேலே ஒரே பலகையாகப் போடாமல், இடைவெளி விட்டுச் சட்டங்களாக அடிக்கச் சொன்னாள். "ஈரம் தங்கினா பலகை உப்பிடும். காத்துப் போகணும்." விளிம்புகளை உருட்டி இழைக்கச் சொன்னாள். "காலு இடிச்சா நோகக் கூடாது." தொட்டிக்கு அடியில் மெத்தென்று ஏதாவது விரிக்க வேண்டுமா என்று கேட்டாள். போலிஸ்டிரீன் தாள் விரிக்கவேண்டும் என்று அவர் விளக்கினார். "அதான் பாத்தேன், வெறும் கட்டையில எப்படி," என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஒரே ஒரு முறைதான் குரல் கசந்தது. கடைசி போல்டை முடுக்கி, ரசமட்டத்தை வைத்துக் குமிழி நட்டநடுவில் நிற்பதைப் பார்த்து அவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது.

"எனக்கு அடுப்பங்கரைக்கு ஒரு முக்காலி கேட்டேன். பதினஞ்சு வருஷம் ஆச்சு. மீனுக்கு நாலே நாள்ல காலு."

"அதையும் செஞ்சிடலாம் லோகா."

"ஆமா. செய்வீங்க."

அவள் ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. "அறுநூறு கிலோ தாங்குமா?"

"ஆயிரம் தாங்கும்."

"எங்க, ஏறிப் படுங்க பாப்போம்."

"படுக்கறதா?"

"பின்ன? தொட்டி என்ன, ஒத்தக் கால்லயா நிக்கப்போகுது? நீளவாக்குலதானே பாரம் இறங்கும்?"

இதுவும் நியாயம். புவனேஸ்வரன் கால்நீட்டிப் படுத்தார். ஒரு சத்தம் இல்லை.

"திரும்பிப் படுங்க."

திரும்பினார். சத்தம் இல்லை.

"இந்தப் பக்கம்."

இந்தப் பக்கமும் இல்லை. லோகேஸ்வரி அவர் குதிகாலுக்கும் ஸ்டாண்டின் விளிம்புக்கும் நடுவே ஜாண் போட்டு அளந்தாள். அவர் உயரம் ஐந்தடி ஆறு.

"ம்ம். போதும்," என்றாள்.

யாருக்குப் போதும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கண்ணாடி வேலையை வீட்டு வாசலில், பொது நடையில் வைத்துக்கொண்டார். பாசார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் அறுத்துக் கொண்டுவந்த ஐந்து கண்ணாடிகள். ஒவ்வொரு விளிம்பையும் துடைத்து, டேப் ஒட்டி, சிலிகான் பசையை ஒரே மூச்சில் இழுத்துவிட வேண்டும். நடுவில் கை நின்றால் காற்றுக்குமிழி. குமிழி நின்றால் ஒழுக்கு. புவனேஸ்வரன் கை நிற்கவில்லை. முப்பது வருஷம் அடுத்தவன் செய்த தப்பைத் தேடியவர், முதல்முறையாகத் தான் செய்ததில் தப்பைத் தேடினார். இல்லை.

பசையிலிருந்து புளிக்காடி வாடை கிளம்பி மாடி முழுக்கப் பரவியது. எதிர்வீட்டு நோர்மா கதவைத் திறந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை. வாசனையில் அவளை ஏமாற்ற முடியாது.

"என்னண்ணே, அச்சார் ஊறுகாயா போடுறீங்க? மாடியே புளிக்குது!"

"மீன் தொட்டிமா."

"யா அல்லா! இம்மாம் பெருசா? திமிங்கலமா வளக்கப் போறீங்க?"

"தங்க மீன்."

"அதுக்கு ஒரு ஜாடி போதும்லா அண்ணே."

புவனேஸ்வரன் குனிந்து டேப்பை உரித்தார். தொட்டி மீனுக்காக இல்லை என்பதை எப்படிச் சொல்வது? நோர்மா, அவருக்குப் பின்னால் வாசலில் நின்ற லோகேஸ்வரியைப் பார்த்தாள். லோகேஸ்வரி நோர்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே போய்விட்டார்கள்.

ஒரு வாரம் காய்ந்ததும் தண்ணீர் விட்டுச் சோதிக்கலாம் என்றார் அவர். லோகேஸ்வரி தடுத்தாள்.

"அவசரப்படாதீங்க. நல்லாக் காயட்டும். இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில ஒழுகினா? நீங்க எதையும் சரியாச் செய்றவராச்சே."

இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. அதற்காக அவர் இன்னும் ஒரு மாதம்கூடக் காத்திருப்பார். இரண்டு வாரம் காத்திருந்தார்.

சுகுமாரன் வருவது சனிக்கிழமை. வியாழக்கிழமை நடையிலேயே குழாய் இழுத்துத் தொட்டியை நிரப்பினார். மூலைகளில் டிஷ்யூ தாளை ஒற்றி ஒற்றிப் பார்த்தார். தாள் காய்ந்தே இருந்தது. ஐந்நூறு லிட்டர் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. வேறு யாரும் பார்க்கவில்லை. தண்ணீரை வடித்து, மாடியில் நாலு பேரைக் கூப்பிட்டு, தொட்டியை உள்ளே தூக்கி ஸ்டாண்டின்மேல் வைத்தார். கதவையும் இரும்புக் கம்பிக் கதவையும் முன்பே அளந்திருந்தார். இடிக்கவில்லை. அன்று ஜன்னலோர நாற்காலியை ஹாலின் எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட்டு, அங்கிருந்து வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பாலம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், ஆறு தங்க மீன்களைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு வந்தார். வாசலில் லோகேஸ்வரி நின்றாள். தலைக்குக் குளித்து, முடியில் துண்டு கட்டி, நெற்றியில் திருநீறு. வீடு முழுக்கக் கழுவித் துடைத்த ஈரம். சாம்பிராணி.

"அதோட உள்ள வராதீங்க."

"எதோட?"

"கையில என்ன?"

"மீன்."

"இன்னிக்குப் புரட்டாசி ஒண்ணு."

புவனேஸ்வரன் கை தாழ்ந்தது. புரட்டாசி வருவதை அவர் ஒருநாளும் காலண்டரில் பார்த்தவர் இல்லை. தட்டில் குழம்பு மீன் காணாமல் போகும் நாளில்தான் அவருக்குப் புரட்டாசி தெரியும். இன்றைய சாப்பாடு இன்னும் தட்டுக்கு வரவில்லை.

"இது திங்கிற மீனா? பாக்குற மீன்!"

"மீனுன்னா மீன்தான். புரட்டாசி பூரா இந்த வீட்டுக்குள்ள கவிச்சி வராது. உங்க அம்மா இருந்தப்பவும் வந்ததில்ல."

"உசுரோட இருக்குடி!"

"இப்ப இருக்கு. நாளைக்கு ஒண்ணு செத்து மிதந்தா? சாமி அறைக்கு எதுக்க, சனிக்கிழமையும் அதுவுமா? நல்லா இருக்கும்."

அவர் பைகளைப் பார்த்தார். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. உடனே மூளை வேலை செய்தது. மீன் எதற்கு? தடுக்கப்போவது தண்ணீர்தானே!

"சரி. மீன் வேணாம். தண்ணிய மட்டும் இன்னிக்கு ரொப்பிடுறேன். சிலிகான் பழகணும்."

"மீன் இல்லாம தண்ணியா?" லோகேஸ்வரி கையை இடுப்பில் வைத்தாள். "ஏடிஸ் கொசு முட்ட போடவா? போன மாசம் பத்தாவது மாடியில பூந்தொட்டித் தட்டுல புழு இருந்துச்சுன்னு சம்மன் குடுத்துட்டுப் போனாங்க. கரண்டி அளவு தண்ணி. நீங்க ஐந்நூறு லிட்டர் வைக்கப்போறீங்க!"

"மூடி போடுறேன்!"

"மூடி செஞ்சிருக்கீங்களா?"

செய்யவில்லை.

எதிர்க்கதவு திறந்தது. "குடுங்கண்ணே," என்றாள் நோர்மா, கையில் பெரிய அச்சார் ஜாடியோடு. கழுவித் தண்ணீர்கூட ஊற்றி வைத்திருந்தாள். "ஒரு மாசம்தானே. நான் பாத்துக்கறேன்."

அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மீனுக்கு ஜாடி தயாராக இருக்கிறது என்றால், மற்றதற்கும் ஏதோ ஒன்று தயாராகத்தானே இருக்கும்?

சனிக்கிழமை காலை நோர்மாவின் கடை வேன் கீழே வந்து நின்றது. சுகுமாரன் அதிலிருந்து இறங்கினான். ஆறடி ஆள், வாசலில் எப்போதும் குனிந்தே நுழைவான், பணிவால் அல்ல. பின்னாலேயே கடை ஆட்கள் இரண்டு பேர்.

"என்ன மாமா, சௌக்கியமா? அக்கா சொன்னிச்சு, பெரிய வேலை பாத்திருக்கீங்களாம்!"

"தொட்டிய எடுக்க முடியாது," என்றார் புவனேஸ்வரன். முப்பது நாளாக மனப்பாடம் செய்த வசனம். "அறுநூறு கிலோ."

"தண்ணி எங்க மாமா?"

அந்தக் கேள்விக்கு வசனம் இல்லை.

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "ஹேய்" என்ற ஒரே சத்தத்தில் தொட்டியைத் தூக்கினார்கள். அதை எங்கே வைப்பது என்று லோகேஸ்வரி விரலால் காட்டினாள். எதிர்ச்சுவர். அங்கே இருந்த பிரம்பு நாற்காலி வாசலுக்கு, செருப்பு அடுக்கும் இடத்துக்குப் போனது.

பிறகு வேனிலிருந்து இன்னொன்று வந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத, புத்தம் புதிய, ஒற்றை ஆள் மெத்தை. அதை ஸ்டாண்டின்மேல் போட்டார்கள்.

புவனேஸ்வரன் குனிந்தார். தலைமாட்டைப் பார்த்தார். கால்மாட்டைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். முப்பது வருஷம் மயிரிழை விரிசலைப் பிடித்த கண். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. மூன்றடி அகலம். ஆறடி மூன்று அங்குலம் நீளம். உட்கார்ந்து எழ ஒன்றரை அடி உயரம். காற்றுப் போகச் சட்டங்கள். இடித்தால் நோகாத விளிம்பு.

"அளந்து செஞ்ச மாதிரி இருக்கே!" என்றாள் நோர்மா, வாசலில் நின்று.

"அளந்துதான் செஞ்சாரு," என்றாள் லோகேஸ்வரி. "இருக்கறது ஒரே தம்பி எனக்கு. போன தடவ ஒரு வருஷம் தரையில கிடந்து முதுகு போச்சு அவனுக்கு. ஒரு கட்டில் செஞ்சு குடுங்கன்னா இவரு செஞ்சிருப்பாரா? என் முக்காலி கதைதான் உனக்குத் தெரியுமே."

சுகுமாரன் படுத்தான். இந்தப் பக்கம் புரண்டான். அந்தப் பக்கம் புரண்டான். ஒரு சத்தம் இல்லை.

"கொஞ்சம்கூட ஆடல மாமா," என்றான், கண்ணை மூடிக்கொண்டே. "என்னா வேலை! கடையில வாங்கினா இப்படிக் கிடைக்காது."

முப்பது வருஷத் தொழிற்சாலையிலும் அதைவிட நீண்ட குடும்பத்திலும் புவனேஸ்வரனின் கைவேலையை மனதாரப் புகழ்ந்த முதல் மனிதன் அவன்தான். அவனை வெறுக்கக்கூட முழுசாக முடியவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மாலைக்குள் தொட்டியும் நிரம்பியது. மடித்த சட்டைகள், கைலிகள், ஒரு ரேடியோ, முதுகுக்குத் தைல பாட்டில். எல்லாம் கண்ணாடி வழியாகச் சுத்தமாகத் தெரிந்தன. ஜன்னல் கம்பியில் நீலக் கட்டம் போட்ட கைலி காய்ந்தது.

புரட்டாசி முழுக்கப் புவனேஸ்வரன் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக எதிர்வீட்டு அச்சார் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மீனும் கொழுத்தன. ஜாடி போதும் என்று நோர்மா சொன்னது சரிதான். ஒழிந்த நேரத்தில் தொட்டிக்கு ஒரு மூடி செய்தார். சுகுமாரன், தூசி படாமல் இருக்கும் என்று அதைச் சட்டைகளுக்குப் போட்டுக்கொண்டான்.

ஐப்பசி பிறந்தது. அன்று காலை புவனேஸ்வரன் சட்டையைப் போட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டார். எதிர்வீட்டுக்குப் போய் ஜாடியை வாங்கினார். இரு கைகளிலும் ஏந்தி, தன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"லோகா. இன்னிக்கு ஐப்பசி ஒண்ணு."

"ஆமா."

"ரெண்டு வாரம் எப்பவோ முடிஞ்சுது."

"ஆமா."

"கூரை போட்டாச்சா?"

"பழச கழட்டியாச்சு. புதுசு என்ன கலர்னு யோசிக்கிறான்."

"தொட்டிய காலி பண்ணணும்," என்றார். "ஸ்டாண்டையும். என் மீன் வந்தாச்சு."

லோகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜாடியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ இளகியதுபோல் அவருக்குப் பட்டது.

"நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேங்க."

"சொல்லு."

"சுகு பொண்டாட்டிக்கும் அவ அம்மாவுக்கும் ஒத்து வரலையாம். ஞாயித்துக்கிழமை அவளும் வர்றா." அவள் அவர் கையிலிருந்த ஜாடியை மெதுவாக வாங்கி, செருப்பு அலமாரிமேல் வைத்தாள். "அதே அளவுல இன்னொன்னு செஞ்சிடுங்க. இந்தத் தடவ கண்ணாடியெல்லாம் வேணாம். ஸ்டாண்டு மட்டும் போதும்."